காற்றுக்கு வராத சத்தம்

கனத்த இரும்புக்குள் ஓடும் ஒலியலை அதன் விளிம்புக்கு வந்து காற்றைத் தொடும்போது, அதன் ஆற்றலில் லட்சத்தில் நான்கு பங்குகூட வெளியே வருவதில்லை. மிச்சமெல்லாம் கல்சுவரில் எறிந்த பந்துபோல உள்ளேயே திரும்பிவிடுகிறது. இரும்பின் அடர்த்தி காற்றைப்போல ஏறக்குறைய 6,500 மடங்கு. அதற்குள் ஒலி ஓடும் வேகமோ காற்றில் ஓடுவதைப்போல 17 மடங்கு. இந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள், லட்சத்தைத் தாண்டும். ஓர் ஊடகம் அசைந்துகொடுக்க எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதற்கு அந்தப் பெருக்கல்தான் அளவு. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கும் இடத்தில் அலை எல்லையைக் கடக்காது. வந்த வழியே திரும்பும்.

கோயில் மணியை ஒருமுறை அடித்தால் அது நெடுநேரம் ரீங்கரிப்பதற்கும் இதில் பங்கு உண்டு. வெண்கலத்துக்குள் அதிர்வு அதிகம் வீணாவதில்லை; காற்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கிக்கொள்கிறது. சட்டென்று வாங்கிக்கொண்டிருந்தால் 'டொக்' என்று ஒரே சத்தத்தோடு முடிந்திருக்கும்.

மேம்பாலத்தின் கைப்பிடி, மாடிப்படியின் இரும்புச் சட்டம், தெருவிளக்குக் கம்பம், தண்ணீர்க் குழாய், வேலிக் கம்பி எதுவுமே சும்மா இருப்பதில்லை. போக்குவரத்து, காற்று, மோட்டார், வெயிலில் விரிதல், இரவில் சுருங்குதல் எல்லாம் அவற்றை ஓயாமல் அதிரச் செய்கின்றன. நமக்குக் கேட்காததற்குக் காரணம் நம் காது காற்றில் இருப்பது. இதை மெக்கானிக்குகள் எப்போதோ கண்டுகொண்டுவிட்டார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டுவிட்டு, "பேரிங் போயிருக்கு சார்" என்று சொல்வார்கள். காற்றை நடுவிலிருந்து விலக்கிவிட்டு இரும்பிலிருந்து எலும்புக்கு நேராக ஒலியைக் கடத்துகிறார்கள். கான்டாக்ட் மைக் செய்வதும் இதே வேலையைத்தான். காதுக்குப் பதிலாக ஒரு சின்ன வட்டத் தகடு, அவ்வளவுதான்.

கான்டாக்ட் மைக் என்ற பெயர் கச்சேரி கேட்பவர்களுக்குப் புதிதல்ல. வீணையில் அதை ஒட்டலாமா கூடாதா என்று சபா வட்டாரங்களில் நெடுங்காலமாகச் சண்டை நடக்கிறது. ஒட்டினால் கடைசி வரிசை வரை கேட்கும். ஆனால் அந்த நாதம் வீணையின் நாதமே அல்ல என்பார்கள் எதிர்ப்பவர்கள். இரு தரப்பும் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

தகட்டின் கதை 1880இல் பாரிஸில் தொடங்குகிறது. ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற இளம் சகோதரர்கள் குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களை அழுத்திப் பார்த்தார்கள். அழுத்தியபோது அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றியது. இந்த டூர்மலினுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அந்தக் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன டச்சுக்காரர்கள், கல்லைச் சூடாக்கினால் அடுப்புச் சாம்பலை இழுப்பதைக் கண்டு வியந்தார்கள். சூட்டால் மின்னேற்றம் வருமென்றால் அழுத்தத்தாலும் வருமா என்ற கேள்வியின் நீட்சிதான் கியூரி சகோதரர்களின் சோதனை. அடுத்த ஆண்டே இதன் மறுபக்கத்தையும் கண்டார்கள்: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் தன் வடிவத்தை நூலிழையினும் மெல்லிய அளவுக்கு மாற்றிக்கொள்கிறது.

இன்று எந்தச் சமையலறையிலும் இந்த விளைவு வேலை செய்கிறது. கேஸ் லைட்டரை 'டக்' என்று அழுத்தும்போது உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் பீசோ பீங்கானை அடிக்கிறது. அதிலிருந்து கிளம்பும் மின்னழுத்தம் பொறியாகத் தாவுகிறது. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, டிஜிட்டல் தெர்மாமீட்டர், அலாரக் கடிகாரம் இவற்றில் 'பீப்' ஒலி எழுப்பும் பஸ்ஸருக்குள் இருப்பதும் அதே பொருள்தான். பித்தளைத் தகட்டின் மேல் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் கலந்த வெள்ளைப் பீங்கான் வட்டம். மின்சாரம் கொடுத்தால் அது கத்தும். அதையே திருப்பிப் போட்டு, அதிரும் பொருளில் ஒட்டினால் மின்சாரம் தரும். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்கு வாங்கிவிடலாம். இரண்டு ஒயரைப் பற்றவைத்தால் மைக் தயார். பேட்டரியும் வேண்டாம்.

தயாராகும் மைக் முதல் நாளில் பெரும்பாலும் ஏமாற்றும். பாலத்தில் ஒட்டினாலும் வாளியில் ஒட்டினாலும் தகர டப்பாவைச் சுரண்டுவதுபோல ஒரு கீச்சொலிதான் வரும். தகட்டின் மேல் பழி போட வேண்டாம், பொருத்தம் சரியில்லை. இந்தப் பீங்கான் வட்டம் மின்னியல் நோக்கில் ஒரு மின்தேக்கி, 20 நானோஃபாரட் அளவில். அதைச் சாதாரணப் பதிவுக் கருவியின் 10,000 ஓம் உள்ளீட்டில் சொருகினால், கணக்குப்படி ஏறக்குறைய 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய ஆரம்பிக்கும். பாலத்தின் முழக்கமும் குழாயின் உறுமலும் இருப்பதே அந்தக் கீழ்ப்பகுதியில்தான். எலெக்ட்ரிக் கிதாருக்கான உள்ளீடுபோல 10 லட்சம் ஓம் கொண்ட ஒன்றில் சொருகிப் பாருங்கள். எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தகடும் மாறவில்லை, பாலமும் மாறவில்லை. ஆனால் அடித்தொண்டை வந்துவிடும்.

அடுத்த கேள்வி, எங்கே ஒட்டுவது? அதிரும் எந்தப் பொருளிலும் சில இடங்கள் அதிகமாக ஆடும், சில இடங்கள் ஆடவே ஆடாது. ஒவ்வொரு சுருதிக்கும் இந்த வரைபடம் வேறு. ஆக, தகட்டை ஒரு சாண் தள்ளி ஒட்டினால் ஒரு சுருதி மறையும், வேறொன்று தலைதூக்கும். வீணையின் குதிரைப் பக்கத்தில் ஒட்டியதும் குடத்தில் ஒட்டியதும் ஒரே வாத்தியமாகக் கேட்காததற்கு இதுதான் காரணம். அறையில் உட்கார்ந்து கேட்பவருக்கு வீணையின் எல்லாப் புள்ளிகளும் காற்றில் கலந்து வருகின்றன. தகட்டுக்கு ஒரு புள்ளி மட்டும் தெரியும். சபா சண்டையில் இரு தரப்பும் சரி என்றேனே, இதனால்தான்: தகடு பொய் சொல்லவில்லை, ஆனால் ஒரே ஓரிடத்துச் செய்தியைத்தான் சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால், 'இதுதான் பாலத்தின் உண்மையான குரல்' என்று எழுதப்பட்ட, பால ஒலிகளைப் பதிந்த இசைத்தட்டுகளின் உறைகளைப் படிக்கும்போது கொஞ்சம் புன்னகைக்கலாம்.

ஒட்டும் பொருளும் முக்கியம். தளர்வாக ஒட்டினால் உயர் சுருதிகள் காணாமல் போய்விடும். அளவைப் பொறியாளர்கள் அவசரத்துக்குத் தேன்மெழுகைத் தேய்த்து அதன்மேல் உணரியை அழுத்துவார்கள். சரியாக ஒட்டிய தகட்டின் அருகே நின்று நீங்கள் சத்தமாகப் பேசினாலும் அது ஏறக்குறையச் செவிடுதான். காற்று ஒலி இரும்புக்குள் நுழைவதும் அதே லட்சத்தில் நான்கு பங்குக் கதை அல்லவா! நடுரோட்டு வேலிக் கம்பியில் ஒட்டினால் ஹாரன் சத்தம் எங்கோ மங்கிவிடும். கம்பி மேல் ஊரும் எறும்பின் கால்கள் முன்னுக்கு வந்துவிடும்.

கம்பி என்று சொன்னதும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆலன் லாம்ப் நினைவுக்கு வருகிறார். 1970களில் கைவிடப்பட்ட தொலைபேசிக் கம்பி வரிசை ஒன்று அந்தப் பகுதியின் வெட்டவெளியில் காற்றில் பாடுவதைக் கேட்டு, அதையே வாங்கிவிட்டார். 'ஃபாரவே விண்ட் ஆர்கன்' என்று அதற்குப் பெயர் சூட்டி, பல ஆண்டுகள் அதன் ஒலியைப் பதிவு செய்தார். மணிக்கணக்கில் ஓடும் அந்த ஒலியில் கோரஸ் பாடகர்கள் வருவதுபோலவும் விமானம் தாழப் பறப்பதுபோலவும் தோன்றும். மனிதக் கை படாத இசை என்பார்கள். எந்த மணித்துளியை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று முடிவெடுத்தது ஒரு மனிதர்தான்.

காற்றில் கம்பி எந்தச் சுருதியில் பாடும் என்பதை 1878லேயே செக் இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹல் அளந்துவிட்டார். காற்று கம்பியைக் கடக்கும்போது அதன் பின்புறம் மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகின்றன. ஒவ்வொரு சுழலும் கழலும்போது கம்பியை ஒரு தள்ளு தள்ளுகிறது. காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, வருவதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் சுருதி கிடைத்துவிடும். கம்பியின் நீளமோ இழுவையோ இந்தக் கணக்கில் இல்லவே இல்லை! தம்புராவைச் சுருதி சேர்த்துப் பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். அந்தச் சுழல்களின் சுருதி, கம்பிக்கு இயல்பாக உள்ள சுருதிகளில் ஒன்றோடு ஒத்துப்போகும்போதுதான் இழுவை உள்ளே வருகிறது. அப்போது கம்பி சுழல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓங்கிப் பாடுகிறது. 3 மில்லிமீட்டர் கம்பியில் மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று வீசினால் 330 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு சுருதி, பெண்குரல் எட்டும் உயரம். காற்று ஏறி இறங்க, சுருதியும் ஏறி இறங்கும்.

இதே காற்று 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள உயரழுத்த மின்கம்பியில் வீசினால் 33 ஹெர்ட்ஸ்தான். காதுக்கு எட்டியும் எட்டாததுமான ஆழம். ஆனால் விடாமல் வீசினால் ஒரு நாளைக்கு 28 லட்சம் தடவைக்கு மேல் கம்பி மேலும் கீழும் வளையும். கோபுரத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் கவ்விக்குப் பக்கத்தில் இழைகள் களைத்து அறுந்துபோகும். நெடுஞ்சாலையோரக் கோபுரங்களில், கம்பி தொங்கத் தொடங்கும் இடத்துக்கு அருகே, உடற்பயிற்சிக் குண்டுபோல இருபுறமும் எடை வைத்த ஒரு சின்னப் பொருள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1920களில் தெற்கு கலிஃபோர்னியாவின் மின்நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்த ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் கண்டுபிடித்த தணிப்பி அது. கம்பி ஆடும்போது இந்தக் குண்டுகளும் ஆடி, நடுவிலுள்ள முறுக்குக் கம்பியின் உராய்வில் அந்த ஆற்றலைச் சூடாக்கித் தீர்த்துவிடுகின்றன. லாம்ப் தேடிப்போன பாட்டை மின்வாரியங்கள் காசு கொடுத்து வாயடைக்கின்றன.

கம்பியைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர மனமில்லை. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் துப்பாக்கி சுடும் 'ப்பியூ' சத்தம் எல்லோருக்கும் தெரியும். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், வானொலிக் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் இழுகம்பியைச் சுத்தியலால் தட்டி அதைப் பதிந்தார். தட்டிய ஒரு நொடியில் எல்லாச் சுருதிகளும் ஒன்றாகத்தான் கிளம்புகின்றன. ஆனால் விறைப்புள்ள கம்பியில் வளைவு அலைகளுக்கு ஒரு குணம் உண்டு: உயர் சுருதி வேகமாக ஓடும், தாழ் சுருதி மெதுவாக வரும். தட்டிய இடத்திலிருந்து தள்ளி இருப்பவருக்குக் கூர்மையான ஒலி முதலிலும் கனமானது பின்னாலும் வந்து சேர, 'டிங்' என்று கேட்கவேண்டியது சரிந்து விழும் 'ப்பியூ' ஆகிறது. காற்றில் எல்லாச் சுருதிகளும் ஒரே வேகத்தில் வருவதால்தான் நம்மால் தூரத்தில் நின்று கச்சேரி கேட்க முடிகிறது. இல்லையென்றால் கடைசி வரிசைக்காரருக்குப் புல்லாங்குழல் முதலிலும் மிருதங்கத்தின் தொப்பி பிறகும் வந்து சேர்ந்திருக்கும்.

இனி பாலங்கள். லண்டனில் தேம்ஸ் நதிக்கு மேல் கட்டிய மில்லெனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. நடக்கும்போது நம் உடல் இடமும் வலமுமாக ஏறக்குறைய நொடிக்கு ஒரு சுற்று சாய்கிறது. பாலத்தின் பக்கவாட்டு இயல்பு ஆட்டமும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தது. பாலம் லேசாக ஆடியதும் விழாமல் இருக்க மக்கள் காலை அகட்டி அதன் தாளத்துக்கே நடந்தார்கள். அது ஆட்டத்தை மேலும் ஏற்றிவிட்டது. இரண்டே நாளில் மூடினார்கள். தணிப்பிகள் பொருத்தி 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள்.

2006இல் அமெரிக்கக் கலைஞர் பில் ஃபொன்டானா அதே பாலத்தின் வடங்களில் அதிர்வு உணரிகளைப் பொருத்தினார். கால்கள் நடப்பது, சைக்கிள் உருள்வது, காற்று வடத்தைத் தடவுவது எல்லாவற்றையும் நேரலையாகப் பாலத்தின் தென்கரையிலிருக்கும் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் கூடத்திலும், சதர்க் சுரங்க ரயில் நிலையத்திலும் ஒலிபெருக்கிகளில் விட்டார். 'ஹார்மோனிக் பிரிட்ஜ்' என்று பெயர். நல்ல படைப்பு. என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊரையே பயமுறுத்திய அந்த ஆட்டம் அதில் கேட்டிருக்க முடியாது. நொடிக்கு ஒரு சுற்று என்பது நம் காதின் எல்லையான 20 ஹெர்ட்ஸுக்கு எவ்வளவோ கீழே. அங்கே முழங்கியவை வடங்களின் உயர் அதிர்வுகள், பாலத்துக்கு ஆபத்தில்லாதவை. கட்டுமானத்தில் இனிமையாகக் கேட்பது ஒன்று, கவலைப்பட வேண்டியது இன்னொன்று. கலைஞரும் பொறியாளரும் ஒரே வடத்தில் உணரி ஒட்டுகிறார்கள். ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள்.

பொறியாளர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்? ஸ்காட்லாந்தின் ஃபோர்த் சாலைப் பாலத்தைச் சொல்லலாம். 1964இல் திறந்த தொங்குபாலம். அதன் பிரதான வடம் ஒவ்வொன்றும் பென்சிலைவிட மெல்லிய கம்பிகள் 11,000க்கும் மேல் சேர்த்துக் கட்டியது. 2004இல் வடத்தைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே துருவும் அறுந்த கம்பிகளும் இருந்தன. வடத்தைத் தினமும் பிரித்துப் பார்க்க முடியாதே! 2006இல் வடம் நெடுக ஒலி உணரிகளைப் பொருத்தினார்கள். விறைப்பாக இழுபட்டிருக்கும் ஒரு கம்பி அறும்போது வெடிப்பொலி ஒன்று எஃகு வழியே இரு திசையிலும் ஓடும். அருகிலுள்ள உணரிகளுக்கு அது எந்தெந்தக் கணத்தில் வந்தது என்று பார்த்தால் அறுந்த இடம் தெரிந்துவிடும். எஃகில் ஒரு மில்லி நொடி வித்தியாசம் என்றால் 5 மீட்டர் தூர வித்தியாசம். பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த ஒற்றைச் சொடுக்கை அந்த இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கண்காணிப்பு நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1914 முதல் உப்புக் காற்றில் நின்ற பழைய பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐஐடி கண்காணிப்பு உணரிகளைப் பொருத்தியிருந்தது. 2022 டிசம்பரில், கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதியிலிருந்து எச்சரிக்கை வந்ததும் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். பழைய பாலத்தின் மேல் ரயில் ஓட்டம் அத்தோடு முடிந்தது. 2025இல் பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டது.

ஃபோர்த் பாலத்தின் வித்தைதான் தரைக்கடியிலும். குடிநீர்க் குழாய் கசிந்தால் நீர் பீய்ச்சும் சீறல் குழாயின் சுவரிலும் உள்ளிருக்கும் நீரிலும் இருபுறமும் பரவும். இரண்டு வால்வுகளில் உணரி வைத்து, சீறல் எங்கே முதலில் வந்தது, எவ்வளவு முந்தி வந்தது என்று ஒப்பிட்டால் ரோட்டை எங்கே தோண்டுவது என்று தெரியும். வார்ப்பிரும்புக் குழாயில் இது நன்றாக நடக்கும். பிளாஸ்டிக் குழாய் நெளிந்துகொடுத்துச் சத்தத்தை விழுங்கிவிடுவதால் அதில் கசிவு கண்டுபிடிப்பவர்களுக்குத் தலைவலி.

வீட்டுப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் 'ம்ம்ம்' ஓசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அந்த ஓசையோ 100 ஹெர்ட்ஸ். இரும்பு உள்ளகம் காந்தமாகும்போது அதன் நீளம் மயிரிழையிலும் நுண்ணிய அளவில் மாறுகிறது. காந்தம் எந்தத் திசையில் ஏறினாலும் அதே மாற்றம் என்பதால் ஒரு சுற்றுக்கு இருமுறை. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று, அங்கே டிரான்ஸ்ஃபார்மர் 120இல் முனகும். நம் தெருவிளக்குக் கம்பங்களில் தகடு ஒட்டிப் பதிந்தால் இந்த 100 ஹெர்ட்ஸ் ஓர் ஆதார சுருதிபோல ஓடிக்கொண்டிருக்கக்கூடும். (கம்பம் என்றதும் ஆசைப்பட்டு மின்பெட்டிப் பக்கம் போய்விடாதீர்கள், மாடிப்படிக் கைப்பிடியிலேயே வேண்டிய அளவு சத்தம் இருக்கிறது.)

கட்டடமும் பாலமும் மட்டுமல்ல, நிமிர்ந்து நிற்கும் எதுவும் கட்டுமானம்தான், தென்னை உட்பட. சிவப்புக் கூன்வண்டு மரத்தில் உள்ள காயத்தில் முட்டையிடும். புழு தண்டுக்குள் புகுந்து நாரைத் தின்றுகொண்டே போகும். வெளியே எதுவும் தெரியாது. நடுக்குருத்து வாடும்போது மரத்தைக் காப்பாற்றும் நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும். தண்டில் காதை வைத்தால் புழு நாரை அரைக்கும் சத்தம் கேட்கும் என்பது விவசாயிகள் அறிந்ததே. ஆனால் காதுக்குக் கேட்கும் அளவு என்றால் புழுக்கள் கொழுத்துவிட்டன என்று அர்த்தம். தண்டில் உணரியைச் செருகினால், இளம் புழு நாரைக் கடித்து அறுக்கும் சின்னச் சின்னச் சொடுக்குகளே பதிவாகிவிடும். மட்டை உரசலும் பறவையும் சாலையும் போடும் சத்தத்திலிருந்து அவற்றை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் ஆராய்ச்சியெல்லாம். கடிக்கும் சொடுக்குகள் மிகக் குறுகியவை, கொத்துக் கொத்தாக வருபவை. அந்த ஒழுங்கைக் கணினிக்குப் பழக்குகிறார்கள்.

தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் இந்த வண்டு 1980களில் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே பேரீச்சைகளைச் சாய்க்கத் தொடங்கியது. அதனால் ஆராய்ச்சிப் பணமும் அங்கே அதிகம். ஒரு மரத்துக்கு ஓர் உணரி என்றால் ஆயிரம் மரத் தோப்புக்குக் கட்டுப்படியாகுமா? சவுதி அரேபியாவின் கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் தகட்டையே விட்டுவிட்டு, இன்டர்நெட்டுக்குப் பயன்படும் வகை ஒளியிழையை மரத்துக்கு மரம் தண்டில் சுற்றிக்கொண்டே போகும் வழியை 2020இல் வெளியிட்டார்கள். இழையின் ஒரு முனையில் லேசர் துடிப்பை அனுப்பி, வழியெங்கும் சிதறித் திரும்பும் ஒளியைப் பார்த்தால், எந்த இடத்தில் இழை அதிர்கிறது என்று தெரிகிறது. ஒரே இழை, தோப்பு நெடுக மைக். காற்றடிக்கும் நாளில் மட்டும் மரங்களின் ஆட்டமும் அதில் கலந்துவிடுகிறது.